எல்லைக்கு அப்பால் ஒரு பருவம்

'அயல்நாட்டுக்குப் படிக்கப் போகிறேன்' என்று நம் மாணவர் ஒருவர் சொன்னால், கேட்பவர் மனத்தில் எழும் ஊர்கள் சிலவே. இலண்டன், எடின்பரோ, மெல்பர்ன். அண்மைக் காலமாகச் சீயோலும் தோக்கியோவும். இந்தியா என்றால் மருத்துவம் பயிலப் போவதாக எண்ணுவர். ஆந்திர நாட்டில் ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரத்துக்கு, அதுவும் ஒரே ஒரு பருவத்துக்கு, விஞ்ஞான மேற்படிப்பு மாணவன் ஒருவன் போகிறான் என்றால், 'பாவம், வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை போலும்' என்று இரங்குவோரும் உண்டு.

2025ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் டிசம்பர் முடிய யான் அங்கே பயின்றேன். திரும்பி வந்த நாள்தொட்டு, பேரவை அறையில் அமர்ந்தால் வினாக்கள் ஓய்வதில்லை. அங்கே படித்தது இங்கே கணக்கில் சேருமா? செலவு எவ்வளவு? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு வினா: 'பக்கத்திலேயே சென்னை இருக்க, தமிழன் தெலுங்கு நாட்டுக்குப் போய்ப் படிப்பானேன்?' இந்தக் கடைசி வினாவைக் கேட்டவர்கள் சிலர் சிரித்துக்கொண்டு கேட்டனர்; சிலர் சிரிக்காமலே கேட்டனர். வாய்மொழியாக விடை சொல்லிச் சலித்துவிட்டதால், எழுத்திலேயே விளக்கலாம் என்று துணிந்தேன்.

முதலில் இம்முறை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஒரு பல்கலைக் கழகத்தில் சேர்ந்த மாணவன், பட்டத்தை அங்கேயே பெறுவதாக இருந்து, நடுவில் ஒரு பருவமோ ஓராண்டோ வேறு நாட்டில் படித்து மீள்வது பழைய வழக்கம் அன்று. அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக் கழகத்தில் ரேமண்டு கிர்க்பிரைடு என்னும் ஆசிரியர் 1923இல் எட்டு மாணவர்களைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார். முதல் உலகப் போரில் பங்குகொண்டவர் அவர். ஒரு நாட்டார் மற்றொரு நாட்டாரை அறிந்துகொள்ள மாணவரை அனுப்புவதே நல்ல வழி என்று கருதினார். ஐரோப்பாவில் 'எராஸ்மஸ்' திட்டம் 1987இல் தொடங்கிற்று. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் சென்றனர். இன்று அது இலட்சக்கணக்கில் வளர்ந்துவிட்டது. எட்டுப் பேரில் தொடங்கிய ஒன்று இவ்வாறு பெருகியதற்குக் காரணம் ஆர்வம் மட்டும் அன்று, கணக்கு. அங்கே படித்ததை இங்கே அளந்து ஏற்றுக்கொள்ள ஓர் அளவுகோல் கிடைத்ததே காரணம்.

அந்த அளவுகோலைத்தான் நாம் 'கிரெடிட்' என்கிறோம். அலகு என்று வைத்துக்கொள்வோம். மலேசியாவில் ஓர் அலகு என்பது மாணவன் செலவிடும் 40 மணி நேர உழைப்பு. விரிவுரை, ஆய்வகம், தனிப்படிப்பு, தேர்வு எழுதும் நேரம் ஆகிய யாவும் அதில் அடங்கும். ஐரோப்பியக் கணக்கில் ஓர் அலகுக்கு 25 முதல் 30 மணி. ஒரு பருவத்துக்கு 30 அலகுகள். இந்தியாவில் பெருவழக்காக உள்ள கணக்கோ வேறு. வாரம் ஒரு மணி விரிவுரை ஒரு பருவம் முழுவதும் நடந்தால் ஓர் அலகு. ஆய்வகமாயின் வாரம் இரண்டு மணிக்கு ஓர் அலகு. ஆகவே அங்கே நான்கு அலகு என்று எழுதியிருப்பது இங்கே நான்கு ஆகிவிடாது. யான் படித்த பாடம் ஒன்றில் வாரம் மூன்று மணி விரிவுரை, இரண்டு மணி ஆய்வகம். பதினைந்து வாரத்துக்கு 75 மணி. அதனோடு தனிப்படிப்பு 45 மணி என்று கொண்டால் 120 மணி. நம் கணக்கில் மூன்று அலகு. இந்த எளிய பெருக்கலைப் புறப்படுமுன்னரே காகிதத்தில் போட்டு, பாடத்திட்டத்தையும் இணைத்து, இரு பக்கத்துப் பேராசிரியர்களிடமும் கையொப்பம் வாங்கிவிட வேண்டும். மீண்டு வந்த பிறகு இதைத் தொடங்குகிறவன் பல மேசைகளின் முன் நிற்க நேரும்.

மதிப்பெண்ணைப் பற்றியும் ஒரு சொல். அங்கே பத்துப் புள்ளி முறை, நம்மிடம் நான்கு. பல பல்கலைக் கழகங்கள் அலகை மட்டும் ஏற்றுக்கொண்டு, மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்ப்பதில்லை. இது குறை என்று சிலர் சொல்வர். என்னைக் கேட்டால் இதுவே நலம். புள்ளி குறையுமோ என்ற அச்சமின்றிக் கடினமான பாடத்தில் கைவைக்கலாம்.

நிற்க. ஸ்ரீ சிட்டி எங்கே உள்ளது?

சென்னையிலிருந்து கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையில் வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். புறநகர் இரயிலில் போவதானால் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி எளாவூர், ஆரம்பாக்கம். ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அடுத்த நிலையம் தடா. அங்கே இறங்கினால் பெயர்ப்பலகையில் தெலுங்கு எழுத்து முதலிடத்தில் நிற்கும். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி. அங்கிருந்து சாலையில் இரண்டு மணிக்குச் சற்று மேல். கடிகாரத்தை இரண்டரை மணி பின்னுக்குத் தள்ளினால் போதும்.

நகரம் என்ற பெயரைக் கேட்டுக் கோயிலும் தேரடியும் கடைத்தெருவும் இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. 2008இல் திட்டமிட்டுத் தொடங்கப்பட்ட தொழிற்பேட்டை அது. அகன்ற நேர்ச்சாலைகள், இரு மருங்கும் ஆலைகள், நடுநடுவே ஏரி, முட்புதர், எருமைகள். இருநூறுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அங்கே இடம் பெற்றுள்ளன. இசுசு வண்டிகள் 2016 முதல் அங்கே உருவாகின்றன. கைப்பேசிகளைப் பாக்ஸ்கான் நிறுவனம் 2015 முதல் அங்கே பூட்டுகிறது. சாக்லேட்டு, பற்பசை, குளிர்பதனப் பெட்டி எனச் சொல்லிக்கொண்டே போகலாம். எனக்கு வியப்பூட்டியது அல்ஸ்தோம் ஆலைதான். சென்னை மெட்ரோவுக்கும் கொச்சி மெட்ரோவுக்கும் மட்டுமன்றி, 2019இல் ஓடத் தொடங்கிய சிட்னி மெட்ரோவுக்கும், 2023இல் ஓடத் தொடங்கிய மொன்றியல் விரைவு இரயிலுக்கும் பெட்டிகள் அங்கேயே செய்யப்பட்டன. சிட்னியிலும் மொன்றியலிலும் நம் உறவினர் எத்தனையோ பேர் உள்ளனர். நாள்தோறும் வேலைக்குப் போகும் அவர்கள், தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தொலைவில் செய்த பெட்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறிவார்களா?

முறை மாறும் நேரத்தில் சாலையோரம் நின்றால் காட்சி ஒன்று காணலாம். வரிசை வரிசையாகப் பேருந்துகள். அவற்றுள் நிறைய இளம்பெண்கள். கைப்பேசி ஆலையில் பணிபுரிவோரில் மிகப் பெரும்பாலோர் பெண்களே. பல பேருந்துகளின் உள்ளேயிருந்து தெலுங்கும் தமிழும் கலந்தே வெளியே வரும். இந்தக் கலப்பைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன். என் ஆராய்ச்சியே அதுதான்.

ஆலைகளோடு கல்வி நிலையங்களும் அங்கே வந்து சேர்ந்தன. சித்தூர் ஸ்ரீ சிட்டி இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம் 2013இல் தோன்றியது. கிரியா பல்கலைக் கழகம் 2018இல் அமைந்தது. சற்று அப்பால் திருப்பதியில் 1954இல் நிறுவப்பட்ட வேங்கடேசுவரா பல்கலைக் கழகமும், 2015இல் வந்த இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகமும் உள்ளன. மேற்கே குப்பத்தில் 1997 முதல் திராவிடப் பல்கலைக் கழகம் இயங்குகிறது. வேங்கடமலையைச் சுற்றி இத்தனை கல்விக் கூடங்கள் இருப்பதை நம் மாணவர் பலர் அறியார். தமிழகத்தின் வட எல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரம் கூறுவதைத் தேர்வுக்காக உருப்போட்ட நாம், அந்த எல்லையில் இன்று என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லை.

எல்லை என்றவுடன் வரலாறு வந்துவிடுகிறது. 'தெலுங்கு நாட்டுக்கு ஏன் போனாய்?' என்று கேட்ட நண்பர்களுக்கு இதைச் சற்று விரித்தே கூற வேண்டும்.

சென்னை மாகாணம் தமிழும் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் பேசும் பகுதிகளை உள்ளடக்கி இருந்தது. தனி ஆந்திரம் வேண்டிச் சென்னையில் உண்ணாநோன்பு இருந்த பொட்டி சீராமுலு 1952 டிசம்பர் 15ஆம் நாள் உயிர் நீத்தார். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. இரு மொழியும் பேசப்பட்ட சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தோடு சென்றது. திருத்தணியையும் சுற்றுப்புறத்தையும் மீட்க மங்கலங்கிழார், ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்நின்ற கிளர்ச்சியை நாம் நன்கு அறிவோம். பின்னர்ப் படாஸ்கர் நடுவராக இருந்து எல்லையை ஆராய்ந்தார். அவர் பரிந்துரையை ஒட்டிச் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது.

வந்ததை மட்டும் நாம் பேசுகிறோம். அதே நாளில் போனதும் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களிலிருந்து ஊர்கள் சில ஆந்திரத்துக்குக் கொடுக்கப்பட்டன. சத்தியவேடு அவ்வாறு போன ஊர். ஸ்ரீ சிட்டியின் ஆலைகள் நிற்பது அந்தச் சத்தியவேட்டையும் வரதய்யபாளையத்தையும் சார்ந்த நிலத்திலேதான். 'தெலுங்கு நாடு' என்று நண்பர்கள் ஒரே சொல்லில் முடித்துவிடும் வட்டாரத்தின் ஒரு பகுதி, என் பாட்டனார் கப்பலேறிய காலத்தில் சென்னைக்கு அடுத்த மாவட்டத்துக்கு உரியதாய் இருந்தது.

சத்தியவேட்டில் துணிக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கமானார். கடைப் பலகை தெலுங்கில்; உள்ளே பேச்சு தமிழில்; கணக்கு நோட்டு இரண்டிலும். கைலி வாங்கப் போன முதல் நாளே என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு? நம்ம பக்கத்துப் பேச்சா இல்லையே."

"மலேசியாங்க ஐயா. கிள்ளான்."

"அப்படியா! இங்கே என்ன வேலை?"

"படிக்க வந்திருக்கேன். ஒரு பருவத்துக்கு."

அவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் இங்கேயிருந்து அங்கே போவாங்க. நீங்க அங்கேயிருந்து இங்கே வந்திருக்கீங்க. சரி, உட்காருங்க தம்பி."

1960ஐப் பற்றி வினவினேன். அவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. "நாங்க எங்கேயும் போகல தம்பி. வீடு அதேதான், கெணறு அதேதான். கச்சேரிதான் மாறிச்சு. நான் பொறந்தது செங்கல்பட்டு ஜில்லா, கல்யாணம் கட்டினது சித்தூர் ஜில்லா, இப்போ பேரன் படிக்கிறது திருப்பதி ஜில்லா. எல்லாம் இந்த ஒரே தெருவுலதான்!" தாலுகா அலுவலகத்தைக் கச்சேரி என்பது அப்பக்கத்துப் பழைய வழக்கு. திருப்பதி மாவட்டம் 2022 ஏப்ரல் 4ஆம் நாள் தனியே பிரிக்கப்பட்டது. ஆகவே பெரியவர் கணக்கு சரியே.

அவருடைய பேரன் வீட்டில் தமிழ் பேசுகிறான். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படிக்கிறான். தமிழ் எழுத்தைத் தாத்தா கடையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டானாம். இதைக் கேட்டபோது நம் வீட்டுப் பிள்ளைகள் என் கண்முன் நின்றனர். நமக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அங்கே சித்தூர்ப் பக்கத்து எல்லை ஊர்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் சில உண்டு. எனினும் நிலைமை ஒன்றே. வீட்டுக்கு ஒரு மொழி, அரசுக்கு ஒரு மொழி, வேலைக்கு ஒரு மொழி. நாம் கடலைத் தாண்டி வந்ததால் நமக்கு இது நேர்ந்தது. அவர்கள் இருந்த இடத்திலேயே இருக்க, அது அவர்களைத் தேடி வந்தது.

மறுபுறமும் ஒன்று சொல்லியாக வேண்டும். பாகான் டத்தோவின் தென்னந்தோட்டங்களில் குடியேறிய தெலுங்கு மக்களின் பிள்ளைகள் பலர் நம் நாட்டில் தமிழ்ப் பள்ளிக்கே அனுப்பப்பட்டனர். அவர்களைத் தமிழர் என்றே ஊரார் கொண்டனர். என்னோடு படித்த ஒருவன் வீட்டில் பாட்டியோடு மட்டும் தெலுங்கு பேசுவான்; பள்ளி வாயிலில் நுழைந்தால் அது மறைந்துவிடும். அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று நாங்கள் யாரும் வினவியதில்லை. சத்தியவேட்டுப் பேரனைக் கண்டபின் அவன் நினைவு அடிக்கடி வந்தது. தமிழுக்காகக் கவலைப்படும் நம் பேரவை, இந்தச் சிறிய நியாயத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி என் துறைக்கு வருகிறேன். பேச்சொலியைக் கணிப்பொறி கொண்டு ஆராய்வது என் வேலை. நாம் பேசும் ஒலியை நூற்றில் ஒரு நொடி இடைவெளியில் சிறு சிறு துண்டுகளாக எடுத்து, ஒவ்வொரு துண்டிலும் எந்த அதிர்வெண் எவ்வளவு வலிவோடு இருக்கிறது என்று பொறி அளக்கும். அந்த அளவுகளின் வரிசையைக் கொண்டு இது இன்ன எழுத்தொலி, இன்ன சொல் என்று முடிவு செய்யும். இதற்குப் பொறியை முதலில் பயிற்ற வேண்டும். யான் கையாண்ட பொறி செய்தி வாசிக்கும் தமிழைக் கொண்டு பயிற்றப்பட்டது. வானொலித் தமிழை அது நன்றாகப் புரிந்துகொள்ளும். கிள்ளான் தமிழையும் சத்தியவேட்டுத் தமிழையும் கண்டால் திகைத்து நிற்கும்.

ஏன் என்று விளக்குகிறேன். தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு 'கல்' என்று சொல்லுங்கள். பிறகு 'தங்கம்' என்று சொல்லுங்கள். இரண்டிலும் ககரம் உண்டு. முன்னதில் வாய் திறந்த பிறகே தொண்டை அதிர்கிறது. பின்னதில் அதிர்வு இடையறாமல் ஓடுகிறது. தமிழ் எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. சொல்லின் முதலில் வந்தால் வல்லொலி, மெல்லெழுத்தை அடுத்து வந்தால் மெலிந்த ஒலி என்று இடத்தைக் கொண்டு அறிகிறோம். இந்த விதி தமிழ்ச் சொற்களுக்கு அழகாகப் பொருந்தும். தெலுங்கிலோ ககர வரிசையில் நான்கு தனி எழுத்துகள். அவர்கள் காற்றைக் 'காலி' என்பர். அதன் முதலெழுத்தைத் 'தங்கம்' என்பதில் வரும் ககரம் போல ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் எழுதினால், வெறுமையைக் குறிக்கும் நம் 'காலி'க்கும் அதற்கும் வேற்றுமை தெரியாது. இரு சொல்லும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் ஊர் சத்தியவேடு!

இந்த இடர்ப்பாடு அவர்களுக்கு மட்டும் உரியதன்று. 'கோம்பாக்', 'கெந்திங்' என்று நாம் எழுதுகிறோம். தமிழ் விதிப்படி படிக்கும் பொறி அவற்றை வல்லொலியில் தொடங்கும். நாமோ மலாய்க்காரரைப் போல மெலிந்த ஒலியில் தொடங்குகிறோம். 'கிள்ளான்', 'கெப்போங்' என்பனவற்றுக்கு வல்லொலியே சரி. எழுத்தைப் பார்த்து எது எது என்று அறிய வழி இல்லை. எல்லை ஊர்த் தமிழுக்கு ஒரு முறை கண்டால், அது நம் தமிழுக்கும் உதவும். சென்னையில் மட்டும் தங்கியிருந்தால் இந்த ஒப்புமை எனக்குக் கிட்டியிராது.

எண்களிலும் ஒரு வேடிக்கை உண்டு. நண்பர்களின் இசைவோடு, ஒன்று முதல் பத்து வரை அவர்கள் எண்ணுவதைப் பதிவு செய்தேன். மூணு என்பது தெலுங்கில் மூடு. அஞ்சு என்பது ஐது. ஏழு என்பது ஏடு. பத்து என்பது பதி. இவற்றைக் கேட்டவுடன் இன்ன மொழி என்று சொல்லிவிடலாம். ஆனால் பேச்சு வழக்கில் 'ரெண்டு' இரு மொழிக்கும் பொது. 'ஆறு' ஏறத்தாழப் பொது. 'ரெண்டு' என்ற சொல்லோடு ஒருவர் நிறுத்திவிட்டால் அவர் எந்த மொழியில் எண்ணினார்? பொறி கேட்கிறது. மனிதராலும் விடை சொல்ல முடிவதில்லை. கோழி தெலுங்கில் கோடி ஆவதையும் ஏழு ஏடு ஆவதையும் ஒப்பிட்டால், நம் ழகரம் அங்கே டகரம் ஆகியிருப்பது புலனாகும். கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டபோது விளக்கிய உறவுகளை, விடுதி உணவறையில் நாள்தோறும் மூன்று வேளை கேட்கலாம்.

உணவறை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தயிருக்குத் தெலுங்கில் 'பெருகு' என்று பெயர். பரிமாறுபவர் வாளியுடன் வந்து "பெருகு, பெருகு" என்று கூவுவது, நம் செவிக்கு வாழ்த்துப் போலவே இருக்கும். 'வெள்ளு' என்றால் போ என்று பொருள். நமக்கு அது வெற்றியைப் போல் ஒலிக்கிறது. பச்சடி என்று கேட்டால் தயிரில் கலந்தது வராது. காரமான துவையல் வரும். புளிச்சக்கீரைத் துவையலை மூன்று வாரம் அஞ்சி ஒதுக்கினேன். நான்காவது வாரம் முதல் அது இல்லாமல் சோறு இறங்கவில்லை.

தெலுங்கு எழுத்தை முன்னரே கற்றுச் செல்வது நலம். வட்டமும் கொக்கியுமாகத் தோன்றினாலும் உயிர், மெய், உயிர்மெய் என்னும் அமைப்பு நம்முடையதே. பேருந்துப் பலகையைப் படிக்க மூன்று வாரம் போதும். படிக்கத் தெரிந்தவனிடம் ஊரார் பழகும் முறையே வேறாகிவிடுகிறது. "அண்ணா, தெலுகு சதுவுதாவா?" என்று விடுதித் தம்பி ஒருவன் வியந்தான். அண்ணாவும் அக்காவும் அங்கேயும் அண்ணாவும் அக்காவுமே.

நவம்பர் 2ஆம் நாள் மாலை 5 மணி 26 நிமிடத்துக்குச் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஒரு பெரிய இராக்கெட் கிளம்பிற்று. சுமார் 4,400 கிலோ எடையுள்ள செய்தித் தொடர்புத் துணைக்கோளைச் சுமந்து சென்ற எல்.வி.எம்.3 அது. விடுதி மாடியில் நின்று வடகிழக்கே நோக்கினோம். மேகங்களினூடே ஒளி எழுந்து மறைந்தது. ஓசை இல்லை. ஏவுதளம் அங்கிருந்து சுமார் 33 கிலோமீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால் வந்து சேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். எல்லாரும் கலையத் தொடங்கிய பிறகே அந்த முழக்கம் மெல்ல உருண்டு வந்தது. பௌதிகப் பாடத்தில் எத்தனையோ முறை போட்ட கணக்கு. காத்துக்கொண்டு நின்று கேட்டது அன்றுதான்.

அத்தீவுக்கும் நிலத்துக்கும் இடையே கிடப்பது பழவேற்காட்டு ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், பழவேற்காடு என்னும் ஊர் தமிழ்நாட்டில். டச்சுக்காரர் 1613இல் அங்கே கெல்திரியா கோட்டை கட்டித் துணி வாணிகம் செய்தனர். அத்துணிகள் மலாய்த் தீவுகளுக்குக் கப்பலேறின. நம் நாட்டில் மலாய் அன்பர்கள் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்குக் 'காயின் பெலிகாட்' என்று பெயர் அன்றோ? அந்தப் 'பெலிகாட்' இந்தப் பழவேற்காடே. சத்தியவேட்டுக் கடையில் யான் வாங்கிய கைலியை விரித்துப் பெரியவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நம்ம ஊருக்கு முன்னாடியே நம்ம துணி போயிருக்குது!" என்றார்.

புறப்பட எண்ணுவோருக்குச் சில நடைமுறைச் செய்திகள். இந்தியாவில் பயில மாணவர் விசா வேண்டும். சுற்றுலா விசாவில் போய்ச் சமாளிக்கலாம் என்று சொல்வோரை நம்பலாகாது. தங்கும் காலம் 180 நாளைத் தாண்டுமாயின், சென்ற 14 நாளுக்குள் அயல்நாட்டார் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். ஐந்து மாதப் பருவம் இந்த வரம்புக்குள் அடங்கும் என்பது ஒரு வசதி. எனினும் விதிகள் மாறக்கூடியவை. தூதரகத்தில் கேட்டுத் தெளிந்து செல்க. சிறு கடை, இளநீர் வண்டி எங்கும் கைப்பேசியிலேயே பணம் கொடுக்கின்றனர். இந்திய வங்கிக் கணக்கு இல்லாதவனுக்கு அது எளிதில் கைகூடாது. சில்லறைத் தாள்களாகப் பணம் வைத்திருப்பதே வழி. நூறு ரூபாய்க்குக் குறைந்த தாள்கள் பையில் இல்லாமல் தடா நிலையத்தில் இறங்க வேண்டாம்.

பெரிய தடை நாட்காட்டிதான். அங்கே பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. நம் பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் இவ்விரண்டையும் பொருத்துவது பாடம் மட்டும் எடுக்கும் மாணவருக்குக் கடினம். ஆராய்ச்சி செய்வோருக்கு எளிது. இளநிலை மாணவர் போக விரும்பினால் நம் பக்கத்தில் அந்தப் பருவம் முழுவதையும் விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை அக்கரையைத் தாக்கும். புயல் என்றால் வகுப்பும் இரயிலும் நிற்கும். மீளும் விமானச் சீட்டைத் தேர்வு முடியும் நாளிலேயே எடுத்துவிடாமல் ஒரு வாரம் தள்ளி எடுத்தல் நன்று.

பொழுதுபோக்கு எப்படி என்று கேட்போருக்கு: ஸ்ரீ சிட்டியில் மாலை ஏழு மணிக்கு மேல் நாய்களும் காவலரும் மட்டுமே நடமாடுவர். திரைப்படம் வேண்டுமானால் சென்னை. கோயில் வேண்டுமானால் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் காட்சிதரும் சுருட்டப்பள்ளி. படிப்பதற்கு இதைவிட வசதியான ஊரை யான் கண்டதில்லை.

சத்தியவேட்டிலும் ஸ்ரீ சிட்டியிலும் பதிவு செய்த எண்களும் ஊர்ப் பெயர்களும் இப்போது என் ஆய்வகக் கணிப்பொறியில் உள்ளன. அவற்றோடு ஒப்பிட நம் நாட்டுக் குரல்கள் தேவை. கோம்பாக், கெந்திங், கிள்ளான், கெப்போங் முதலாக நாற்பது ஊர்ப் பெயர்களையும், ஒன்று முதல் பத்து வரையும் சொல்ல ஆறு நிமிடம் ஆகும். வீட்டில் தெலுங்கு பேசும் நண்பர்கள் இரு மொழியிலும் எண்ணித் தந்தால் பேருதவி. வெள்ளிதோறும் மாலை நான்கு மணிக்குப் பேரவை அறையில் ஒலிவாங்கியோடு இருப்பேன்.